ஒயர் இல்லாத வலையும் வீட்டுக்கொரு பொதுப் பெட்டியும்

"உன் துறையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடு, நாலு பக்கத்துக்கு மேல் போய்விடாதே" என்று மலர்க்குழுவினர் போனில் கேட்டுக்கொண்டார்கள். வரலாறு என்றால் சோழர் காலத்துக்குப் போக எனக்குத் தகுதி போதாது. ஆகவே அறுபது வருஷத்துக்கு உட்பட்ட ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அது நம் கல்லூரி விடுதியில் தொடங்கி, பசிபிக் சமுத்திரத்துத் தீவு ஒன்றைச் சுற்றிவிட்டு, திருச்சியில் என் வீட்டு ஹாலில் வந்து நிற்கும். கூடவே ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடுதி மாடியில் ஒரு வலை

வருஷம் 2008. நாங்கள் மூன்றாம் ஆண்டு. எங்கள் மாடியில் பதினாறு அறைகள், ஆறு கணிப்பொறிகள். தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு எட்டு துளை உள்ள ஒரு சுவிட்ச் வாங்கினோம். நீல நிற ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து அறைக்கு அறை கட்டினோம். ஒருமுறை எலி கடித்ததில் பரீட்சைக்கு முதல் நாள் வலை அறுந்தது. அந்தத் தடவைதான் மாடி முழுக்கப் பாஸ் ஆனது என்பது தனிக் கதை!

என் கணிப்பொறியில் 160 ஜி.பி. டிஸ்க். மாடியிலேயே பெரியது அதுதான். ஆகவே 'காமன்' என்ற பொது ஃபோல்டர் என்னிடம் இருந்தது. 'மை நெட்வொர்க் பிளேசஸ்' என்பதைத் திறந்தால் யார் அறையில் இருந்தும் அதற்குள் வரலாம். பாடக்குறிப்பு, பழைய கேள்வித்தாள், சினிமாப் பாட்டு எல்லாம் அதில்தான். நான்கு வருஷத்துப் புகைப்படங்களும் அதில்தான். கேமரா இருந்தவன் எடுப்பான், 'காமன்'ல போட்டுவிடுவான், தன் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த படத்துக்குத் தயாராகிவிடுவான். 2010-ல் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது, "டிஸ்க் உங்கிட்ட இருக்குல்ல மாப்ள, பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

2014-ல் ஒருநாள் அந்த டிஸ்க் 'டிக்... டிக்...' என்றது. பிறகு ஒன்றுமில்லை. மீட்டுத் தருகிறேன் என்றவரிடம் கொடுத்துப் பார்த்தேன். வரவில்லை. யாரும் கேட்காததால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

2019-ல் எங்கள் மாடி நண்பன் ஒருவன் சாலை விபத்தில் போய்விட்டான். பெயர் வேண்டாம், எங்கள் செட்டுக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் அம்மா போன் செய்தார்கள். "தம்பி, காலேஜ்ல எடுத்த போட்டோ எல்லாம் உங்கிட்ட இருக்குன்னு எப்பவும் சொல்லுவான். அவன் சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா குடுப்பா." என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இதுதான் வாக்குமூலம். என் வீட்டில் ஒரு கம்பியில்லா வலையும் குடும்பத்துக்கு ஒரு பொதுப் பெட்டியும் அமைத்தே தீருவது என்று நான் கிளம்பியதற்குக் காரணமும் இதுவே.

அப்பாவின் கேள்வி

என் அப்பா தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தே வாழ்ந்தவர். ரவுட்டரைப் பெட்டியிலிருந்து நான் எடுத்தபோது ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்டா, ஒயர்னா ஒருத்தனுக்கு ஒரு ஜோடி. குழப்பம் இல்ல. காத்துல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எவன் பேச்சு எவனுக்குப் போகும்?"

பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, முழு வரலாறும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் என்று.

ஹவாய் தந்த பதில்

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி ஓவாஹு தீவில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மற்ற கிளைகளோ கடலுக்கு அப்பால் வேறு தீவுகளில் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பதற்குச் செலவும் அதிகம், தரமும் போதாது. அங்கே பேராசிரியராக இருந்த நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டார்கள். 1971 ஜூனில் அவர்களுடைய 'அலோஹாநெட்' வேலை செய்யத் தொடங்கியது. அலோஹா என்பது ஹவாய் மொழியில் வணக்கம். வேகம் விநாடிக்கு 9,600 பிட். இன்று நம் போனில் எடுக்கும் நான்கு மெகாபைட் படம் ஒன்றை அந்த வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 55 நிமிஷம் ஆகும்.

எல்லோருக்கும் ஒரே அலைவரிசை என்றால் எப்படிப் பங்கு போடுவது? ஆப்ராம்சன் பங்கே போடவில்லை. பேச வேண்டியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கு. உனக்குத் தோன்றும்போது அனுப்பு. வந்து சேர்ந்ததென்று பதில் வந்தால் சரி. வராவிட்டால் யாருடைய பொட்டலத்தோடோ மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. அந்தக் 'கொஞ்ச நேரம்' ஒவ்வொருவருக்கும் குத்துமதிப்பாக வேறு வேறாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள் அல்லவா? குறுகலான வாசலில் எதிரெதிரே வரும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி மறுபடி முட்டிக்கொள்வதைப் போல.

இந்த முறையில் கணக்குப் பார்த்தால் அதிகபட்சம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் உருப்படியாகப் போய்ச் சேரும். மற்றதெல்லாம் மோதலும் வெறுமையும். ஆனாலும் மேற்பார்வையாளன் ஒருவன் இல்லாமலே பலர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது நிரூபணமாயிற்று. ஆப்ராம்சன் 2020 டிசம்பரில் காலமானார். அவர் காட்டிய பொறுமைதான் இன்றைக்கும் நம் வீட்டு ரவுட்டருக்குள் இருக்கிறது.

கம்பி, காற்றிடம் பாடம் படித்தது

இதற்கு அடுத்த கட்டம் வேடிக்கையானது. ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த பாப் மெட்காஃப் என்ற இளைஞர், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். 1973 மே மாதம் அவர் எழுதிய குறிப்பு ஒன்றில்தான் 'ஈதர்நெட்' பிறந்தது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள். பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள். யாரும் பேசவில்லை என்றால் பேசு. பேசும்போதே மோதல் என்று தெரிந்தால் உடனே நிறுத்து. பிறகு ஆப்ராம்சன் வழியில் காத்திரு. முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட்.

கவனியுங்கள், நம் விடுதியில் ஜன்னல் வழியாக ஓடிய நீல ஒயரின் தாத்தா ஒரு ரேடியோ! இதைச் சொன்னபோது அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

குப்பை என்று ஒதுக்கிய அலைவரிசை

அலையை நினைத்தபடி பயன்படுத்த எந்த அரசும் விடுவதில்லை. எங்கள் தாத்தா வீட்டு ரேடியோ பெட்டிக்கே தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டினார்களாம். அந்தப் புத்தகத்தை அப்பா இன்னும் வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் 1985 மே மாதம் ஒரு மாற்றம் வந்தது. 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை ஒட்டிய மூன்று பட்டைகளில், குறைந்த சக்தியில், குறிப்பிட்ட முறைப்படி, லைசென்ஸ் இல்லாமலே தகவல் அனுப்பலாம் என்று தகவல் தொடர்பு ஆணையம் அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்கள் இரைச்சல் போடும் இடம் என்பதால் அதுவரை பெரிதாக யாரும் சீந்தாத பட்டைகள் இவை. குப்பைமேடு என்று விட்ட இடத்தில்தான் பிற்பாடு ஊரே குடியேறியது.

ஆரம்பத்திலேயே குடியேற நினைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கடைகளுக்குப் பணப்பெட்டி இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். நிறுவனம். கடையை மாற்றி அமைக்கும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கி மறுபடி போடுவது பெரிய தொல்லை. அந்த நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவைச் சேர்ந்த விக் ஹேஸ், ஆளுக்கொரு முறை என்று போனால் உருப்படாது, பொதுத் தரம் வேண்டும் என்று பாடுபட்டார். 1990 முதல் பத்து வருஷம் '802.11' குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1997-ல் முதல் தரம் வெளியானது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் அது 11 ஆனது. அதே 1999 ஜூலையில், மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் இணையத்தோடு இணைந்திருந்த மடிக்கணிப்பொறியை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார். ஒயர் எங்கும் இல்லை! வித்தைக்காரர் மாதிரிதான். 'வை-ஃபை' என்ற பெயரும் அந்தச் சமயத்தில் விளம்பரத்துக்காகச் சூட்டப்பட்டதே.

காற்றில் ஒரு சங்கடம் உண்டு. கம்பியில் பேசும்போதே மோதலைக் கேட்கலாம். காற்றில் நம் குரலே நமக்கு இடிமுழக்கம். தூரத்தில் பேசுகிறவன் சத்தம் அதில் அமுங்கிவிடும். ஆகவே வை-ஃபை மோதலைக் கண்டுபிடிப்பதற்குப் பதில் தவிர்க்கப் பார்க்கிறது. கேட்டுவிட்டு, குத்துமதிப்பாகச் சற்றுப் பொறுத்து, அனுப்புகிறது. 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. அப்பா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: ஒருத்தரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. பேசிவிட்டால், இன்னொருமுறை சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் எதிரொலி. நம் கல்லூரியின் பழைய அரங்கத்தில் முதல்வர் வேகமாகப் பேசினால் சுவரில் பட்டு வரும் சத்தமும் சேர்ந்து ஒன்றும் புரியாது. நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும். அறைக்குள் வானொலி அலைக்கும் அதே கதி. ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜான் ஓ'சலிவனும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு தீர்வு கண்டு 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ஓ'சலிவன் அதற்கு முன், வெடிக்கும் கருந்துளைகளின் மெல்லிய சமிக்ஞையைத் தேடிக்கொண்டிருந்த வானொலி வானியலாளர்! 1999-ல் வந்த 802.11ஏ தரம் ஒரு வேகமான பேச்சை 48 மெதுவான பேச்சுகளாகப் பிரித்து, ஒரே சமயத்தில் அருகருகே அனுப்புகிறது. ஒவ்வொன்றும் நிதானமாகப் போவதால் எதிரொலி கெடுப்பதில்லை. வேகம் 54 மெகாபிட்டுக்கு உயர்ந்தது.

நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திச் சாதனங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற விதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2018 அக்டோபரில் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். இன்று நம் தெருவில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் கண் சிமிட்டுவது இந்த இரண்டு உத்தரவுகளின் புண்ணியம்.

பொதுப் பெட்டியின் கதை

காற்று வழியாகப் பேசியாயிற்று. கோப்புகளைப் பகிர்வது?

விடுதியில் நாம் 'காமன்' ஃபோல்டரைத் திறந்தபோது, நம்மை அறியாமல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபெய்கன்பாம் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய முறையைத்தான் பயன்படுத்தினோம். எஸ்.எம்.பி. என்று பெயர். வேறு கணிப்பொறியில் இருக்கும் கோப்பைச் சொந்தக் கணிப்பொறியில் இருப்பது போலவே காட்டும். மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்துத் தன் விண்டோஸில் சேர்த்தது. 1992-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் போகும் பொட்டலங்களைக் கவனித்தே அந்த மொழியைப் புரிந்துகொண்டு, யூனிக்ஸ் கணிப்பொறிகளும் பேசும்படி இலவச மென்பொருள் ஒன்றை எழுதினார். அதுதான் 'சாம்பா'. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர்! கடையில் வீட்டுக்காக விற்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள் பலவற்றுக்குள் இன்று ஓடுவது சாம்பாதான்.

அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் வசதி உண்டு. இப்படிப் பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் 'ரெய்டு' முறைகளை 1988-ல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார்கள். ஒரு டிஸ்க் 'டிக் டிக்' என்றாலும் மற்றது கைகொடுக்கும். 2014-ல் எனக்கு இல்லாமல் போனது இதுதான் என்று நினைத்தேன். பாதிதான் சரி.

எங்கள் வீட்டில் நடந்தது

ரவுட்டரை முதலில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த அறையில் அம்மாவின் போனுக்கு ஒன்றும் வரவில்லை. இரும்பு அலையைத் தடுக்கும் என்பது எனக்குப் பாடத்தில் தெரியும், பழக்கத்தில் தெரியவில்லை! ஹால் நடுவில் உயரமாக வைத்ததும் சரியாயிற்று. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் எங்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டும்போது களைத்துவிடுகிறது. ஆகவே ஹால் டிவிக்கு அது, உள் அறைகளுக்கு 2.4. பக்கத்து வீடுகளோடு மோதாமல் இருக்க 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியானதைப் பார்த்து வைத்தேன். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் உள் அறைப் போன்கள் தடுமாறும். 1985-ன் குப்பைமேடு ஞாபகம் வரும்.

கடவுச்சொல் முறையில் பழைய 'வெப்' வேண்டாம். அதன் ஓட்டை 2001-லேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும். பெட்டியில் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய 'வான்னாக்ரை' அந்தப் பதிப்பின் வழியாகத்தான் பரவியது. வெளி இணையத்திலிருந்து பெட்டிக்கு நேரடி வாசல் வைக்காதீர்கள்.

பெட்டியை ரவுட்டரோடு ஒயரில் இணைத்தேன். பெட்டியும் காற்றிலேயே பேசினால் ஒவ்வொரு படமும் ஒரே காற்றை இரண்டு தடவை கடக்க வேண்டும், வேகம் பாதியாகும். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "கடைசியில ஒயர் இல்லாம முடியல, பாத்தியா!" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே இன்னொரு ஒயர் போடலாம்.

எல்லோர் போனில் இருந்த படங்களும் பொதுப் பெட்டிக்குப் போயின. அம்மா ஹாலில் உட்கார்ந்து டிவியில் பழைய கல்யாணப் படமெல்லாம் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து என் ஏழு வயது மகள் தன் டேப்லெட்டில் கார்ட்டூனுக்கு இடம் வேண்டும் என்று 'பாட்டி' என்ற ஃபோல்டரை அழித்துவிட்டாள். அழித்தது டேப்லெட்டில் அல்ல, பொதுப் பெட்டியில். இரண்டு டிஸ்க்கும் மிகுந்த கீழ்ப்படிதலோடு அழித்துவிட்டன!

நல்லவேளை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கோவையில் இருக்கும் என் தங்கை வீட்டில் வைப்பதற்காகத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்திருந்தேன். பஸ்ஸில் போய் வாங்கிவந்து மீட்டேன். திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஆப்ராம்சன் முதல் டிரிட்ஜெல் வரை அத்தனை பேரும் தீர்த்தது பகிர்வதற்கான பிரச்சினையை. பகிர்வது வேறு, பத்திரப்படுத்துவது வேறு. 'காமன்' ஃபோல்டரை ஆறு கணிப்பொறியில் பார்க்க முடிந்ததால் ஆறு இடத்தில் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். இருந்தது ஒரே இடத்தில். ஒரு அறையில், ஒரு டிஸ்க்கில்.

இணையத்தில் இடம் வாடகைக்குக் கிடைக்கிறதே என்பீர்கள். நல்லதுதான், ஒரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணக்கும் கடவுச்சொல்லும் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அதுவும் ஒரு 'காமன்'தான். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில், வருஷத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே திறந்து பார்ப்பது. இதற்கு மேல் தத்துவம் கிடையாது.

ஒரு வேண்டுகோள்

தம்பி தங்கையரே, உங்கள் செட்டின் படங்கள் இப்போது யாருடைய போனில் இருக்கின்றன? ஒருவன் பெயரைத்தான் சொல்வீர்கள் என்றால், இன்றிரவே இன்னும் இரண்டு பேர் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவனுக்கும் அது உபகாரம். பாரம் குறையும்.

என் செட்டு நண்பர்களுக்கு: சந்திப்பு அன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணிப்பொறியும் மூன்று டிஸ்க்குகளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பரணில் கிடக்கும் பழைய சி.டி., பென்டிரைவ், உடைந்த போனின் மெமரி கார்டு, பிரிண்ட் போட்ட ஆல்பம், எதுவானாலும் எடுத்துவாருங்கள். மற்ற ஆண்டுக்காரர்களும் கொண்டுவரலாம். ஒரு நகல் என்னிடம், ஒன்று சங்கத்திடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம். வராதவர்கள் தபாலில் அனுப்பினாலும் சரி.

அவனுடைய படம் எங்காவது ஒரு ஓரத்தில், மெஸ் வரிசையில், கிரிக்கெட் மட்டையோடு, பாதி முகமாக இருந்தாலும் போதும். முதல் பிரதியை அவன் அம்மாவிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்போது அவர்களிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பும் ஒன்று பாக்கி இருக்கிறது.